அப்பாவோ அம்மாவோ புற்றுநோயோடு வார்டில் இருக்கும்போது: மருத்துவமனை என்ன செய்கிறது, பிள்ளைகள் என்ன செய்யலாம்

"இன்னும் குணமாகவே இல்லை, அதற்குள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்கிறார்களே." புற்றுநோயுள்ள பெற்றோரை மருத்துவமனையில் சேர்த்த குடும்பங்களில் அநேகமாக எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கூடவே வேறு சிலவும் வரும். கீமோவுக்குத் தேதி கொடுத்திருந்தார்களே, ஏன் நிறுத்திவிட்டார்கள்? தினமும் ஒரு டாக்டர் வந்து ஒன்று சொல்கிறாரே, யார் சொல்வதைக் கேட்பது? நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா இன்று என்னையே யாரென்று கேட்கிறாரே?

தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் இவற்றுக்கு வேர் ஒன்றுதான். புற்றுநோய்க்கான சிகிச்சை என்பது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடுவது. வார்டில் தங்குவது அதன் நடுவே வரும் ஏதோ ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்காக. டாக்டர்கள் அந்தப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், குடும்பம் புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே படுக்கையைச் சுற்றி நின்று இரண்டு வேறு விஷயங்களைப் பேசினால் குழப்பம் வராமல் இருக்குமா? அதனால் அட்மிட் ஆன முதல் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது: "இந்த முறை எதற்காகச் சேர்த்திருக்கிறீர்கள், எது சரியானால் வீட்டுக்குப் போகலாம்?" இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல விளங்கும்.

எதற்காகச் சேர்க்கிறார்கள்

சிங்கப்பூரில் கீமோவும் கதிரியக்கச் சிகிச்சையும் பெரும்பாலும் வெளிநோயாளியாகவே நடக்கின்றன. ஊட்ரமில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்ப்பது, கீமோ நாற்காலியில் உட்கார்வது எல்லாம் அங்கேதான், ஆனால் படுக்கை தேவைப்பட்டால் அதே வளாகத்திலுள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சைக்கும், நாள்கணக்கில் ஏற்ற வேண்டிய சில வகைக் கீமோவுக்கும் முன்கூட்டியே தேதி குறித்துச் சேர்ப்பதுண்டு. அதைத் தவிர்த்தால் வார்டுக்கு வரும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

1. கீமோவுக்குப் பின் காய்ச்சல், கிருமித்தொற்று.
2. வீட்டு மருந்துக்கு அடங்காத வலி, நிற்காத வாந்தி, குடல் அடைப்பு.
3. நுரையீரலைச் சுற்றியோ வயிற்றுக்குள்ளோ நீர் கோத்துக்கொள்வது. குழாய் போட்டு வடிப்பார்கள்.
4. ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, உப்பு (சோடியம்) இறங்குவது, ரத்த அணுக்கள் குறைவது.
5. முதுகெலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை நெருக்குவது. முதுகுவலியோடு கால் பலவீனமோ சிறுநீர் போகாமையோ சேர்ந்து வந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால் திரும்பாமலே போகலாம்.

இந்த ஐந்துக்கும் அளவுகோல் வேறு வேறு. தொற்று அடங்கி, காய்ச்சல் விட்டு, வாய்வழி மருந்துக்கு மாற முடிந்தால் முதல் வகை நோயாளி வீட்டுக்குப் போகலாம். கட்டி அப்படியே இருக்கும், அது இந்தத் தங்கலின் கணக்கில் வராது. "குணமாகவில்லையே" என்ற வேதனை நியாயமானதுதான், ஆனால் அதை எடுத்துச்சொல்ல வேண்டிய இடம் புற்றுநோய் மருத்துவரின் அடுத்த சந்திப்பு.

காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு அவசரம்

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. புற்று செல்லும் வேகமாகப் பெருகுவது, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் செல்களும் அப்படியே. அதனால் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு கீமோவுக்குப் பின் சரிகிறது. பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மிகக் கீழே இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியும், வாயிலோ குடலிலோ ஏற்கெனவே இருக்கிற கிருமியும்கூட ரத்தத்தில் புகுந்துவிடலாம். எதிர்த்துப் போராட அணுக்களே இல்லாததால் சீழ், சளி, வீக்கம் போன்ற அடையாளங்களும் தெரியாமல் போகலாம், காய்ச்சல் மட்டுமே வெளியே தெரியும்.

அதனால்தான் கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரியைத் தொட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. இங்கே நம் வீடுகளில் நடப்பது என்ன? "ஒரு பெனடால் போட்டுப் படுக்கட்டும், காலையில் பார்க்கலாம்." பெனடால் சூட்டை இறக்கிவிடும், கிருமியை ஒன்றும் செய்யாது. முதலில் சூட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், மாத்திரை அதற்கப்புறம். அவசரப் பிரிவில் பதியும்போது முதல் வாக்கியத்திலேயே "கீமோ எடுக்கிறார், கடைசி ஊசி இந்தத் தேதியில்" என்று சொல்லிவிடுங்கள், வரிசையில் அவருக்கு முன்னுரிமை கிடைக்க அந்தத் தகவல் தேவை.

வெள்ளணு குறைந்திருக்கும் நாள்களில் வார்டுக்குப் பூ கொண்டுவர வேண்டாம் என்பார்கள். நாம் கொண்டுபோகும் மற்ற சிலவற்றையும் யோசிக்க வேண்டும். கோயில் தீர்த்தம், காலையில் அரைத்து மதியம் வரை வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி, வெட்டிவைத்த பழம். பிரசாதத்தைத் தலைமாட்டில் வைக்கலாம், வாயில் போட வேண்டாம். சூடாகச் சமைத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடக்கூடியதாக இருந்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், இருந்தாலும் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அனுப்பிய கசாயம், மஞ்சள் மாத்திரை, சூரணம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் மருந்தாளரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும், சில ரத்தம் உறைவதை மாற்றும், சில கீமோ மருந்தோடு மோதும்.

யார் யார் வருகிறார்கள்

பொது மருத்துவமனையில் ஒரு குழு இருக்கும். மேலே கன்சல்டன்ட், இறுதி முடிவு அவருடையது. அவருக்குக் கீழே ரெஜிஸ்ட்ரார், அப்புறம் மெடிக்கல் ஆபீசர், ஹவுஸ் ஆபீசர். நாள் முழுக்க வார்டில் ஓடிக்கொண்டிருப்பது கடைசி இருவர்தான். பணிமுறை மாறுவதால் முகங்கள் மாறும். சனி ஞாயிறில் வேறு குழு. இதைத் தவிர உடற்பயிற்சி சிகிச்சையாளர், விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர், உணவியலாளர், மருத்துவச் சமூக ஊழியர் என்று ஒவ்வொருவராக வருவார்கள்.

காலை எட்டு எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது திரையை இழுத்துவிட்டு நான்கைந்து பேர் படுக்கையைச் சுற்றி நிற்கிறார்கள். இளையவர் ஒருவர் தள்ளுவண்டிக் கணினியைப் பார்த்து நேற்றைய ரத்த முடிவுகளைக் கடகடவென்று வாசிக்கிறார். மூத்தவர் குனிந்து, "அன்ட்டி, பெயின்?" என்று கேட்கிறார். அம்மா, "நோ, நோ, ஓகே டாக்டர்" என்று சிரிக்கிறார். இரவெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரண்ட அதே அம்மா! பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதை, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற தயக்கம், இரண்டும் சேர்ந்து அந்த "ஓகே" வருகிறது. இரண்டே நிமிடத்தில் திரை விலகி, குழு அடுத்த படுக்கைக்குப் போய்விடும். அம்மாவுக்கு வலி இல்லை என்று குறிப்பில் ஏறிவிடும்.

பிள்ளைகள் வருவது மதியமோ மாலையோ. ரவுண்ட்ஸ் முடிந்து பல மணி நேரமாகியிருக்கும். இதற்குச் செய்யக்கூடியவை:

1. குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுபவராக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காலையிலும் அக்கா மாலையிலும் ஜொகூரிலிருந்து சித்தப்பா இரவிலும் தனித்தனியே கேட்டால் மூவருக்கும் மூன்று துண்டு பதில்தான் கிடைக்கும். பேசுபவர் கேட்டு, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்.
2. முந்தைய இரவே கேள்விகளை எழுதி, காலைத் தாதியிடம் தொலைபேசியில் சொல்லி ரவுண்ட்ஸில் கேட்கச் சொல்லலாம். வலி எப்படி இருந்தது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.
3. பெரிய முடிவு ஏதாவது இருந்தால் குடும்பக் கூட்டம் வேண்டும் என்று கேளுங்கள். கன்சல்டன்ட், தாதி, சமூக ஊழியர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஏற்பாடு அது. கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். வழக்கமான நடைமுறைதான், அதில் சலுகை எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த தகவல்

வார்டு டாக்டர் உங்கள் அப்பாவைப் படுத்த நிலையில்தான் முதன்முதலில் பார்க்கிறார். மூன்று வாரத்துக்கு முன் அவர் தேக்கா சந்தைக்குத் தனியாகப் பேருந்தில் போய் மீன் வாங்கி வந்தார் என்பது எந்த ஸ்கேனிலும் இல்லை. மருத்துவத்தில் இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. நோயாளியின் இயங்குநிலையை 0 முதல் 4 வரை குறிக்கும் ஈக்கோக் என்ற அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் நோய்க்கு முன்போலவே நடமாட்டம். 1 என்றால் நடமாட முடியும், கடின வேலை முடியாது. 2 என்றால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும், வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ. 4 என்றால் முழுக்கப் படுக்கை.

கீமோவைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவில் இந்த எண் பெரிய பங்கு வகிக்கிறது. பல கட்டி வகைகளில் 3, 4 நிலையிலுள்ளவருக்குக் கீமோ கொடுத்தால் நன்மையைவிடத் தீங்கு அதிகம் என்பது மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. "பணம் பார்க்கிறார்கள்", "வயதானவர் என்று கைவிட்டுவிட்டார்கள்" என்று நாம் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அப்பா சேர்க்கப்படுவதற்கு முன் எப்படி இருந்தார், சரிவு இரண்டு நாளில் வந்ததா இரண்டு மாதமாக மெல்ல வந்ததா என்பதை நீங்கள் சொன்னால் முடிவே மாறலாம். தொற்றினால் திடீரென்று விழுந்தவர் எழுந்து வர வாய்ப்பிருக்கிறது. மாதக்கணக்கில் தேய்ந்து வந்தவர் கதை வேறு.

ஒரே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், நிலை, கடைசிக் கீமோ தேதி, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, முன்பு என்னென்ன தானாகச் செய்தார். அவசரப் பிரிவில் நள்ளிரவில் ஐந்தாவது முறையாக ஒருவர் வந்து முதலிலிருந்து கேட்கும்போது அதை நீட்டினால் போதும்.

இன்னொன்று. "நீங்க எழுந்திருக்காதீங்கப்பா, படுத்தே இருங்க" என்று பாசத்தில் சொல்லிவிடுகிறோம். வயதானவருக்குப் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசையைக் கரைக்கிறது, நுரையீரலில் சளி தேங்குகிறது, காலில் ரத்தம் உறைகிறது, முதுகில் புண் வருகிறது. கடைசியில் ஈக்கோக் 2இல் வந்தவர் 3இல் வீட்டுக்குப் போகிறார், அடுத்த கீமோ கைநழுவிப் போகிறது. டாக்டர் அனுமதித்திருந்தால் சாப்பாட்டு வேளையிலாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். தாதியிடம் கேட்டு, பிடித்துக்கொண்டு நடக்க வையுங்கள். தனியாக மட்டும் விடாதீர்கள், குறிப்பாக இரவில் கழிவறைக்கு. வார்டில் விழுபவர்கள் பலர் மணியடித்துத் தாதியைக் கூப்பிடக் கூச்சப்பட்டு எழுந்து போனவர்கள்தான்.

அப்பா வேறு யாரோ ஆகிவிட்டாரா?

குடும்பத்தை மிகவும் நிலைகுலைய வைப்பது இதுதான். பகலில் சாதுவாக இருந்தவர் இரவில் டிரிப் ஊசியைப் பிடுங்குகிறார். தான் இன்னும் செம்பவாங் நேவல் பேஸில் வேலை பார்ப்பதாகவும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொல்லிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். இறந்துபோன தாயார் மூலையில் நிற்கிறார் என்கிறார். மறுநாள் காலை தெளிவாகப் பேசுகிறார், மாலையில் மறுபடியும்.

இது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலை. மறதிநோய் மாதக்கணக்கில் வரும். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், ஏறி இறங்கும். மூளைக்குப் பரவிவிட்டதோ என்றுதான் முதலில் பயப்படுவோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, கால்சியம் ஏற்றம், உப்பு இறக்கம், வலி, வலிமருந்து, தூக்க மாத்திரை, தூக்கமின்மை, ஏன், நாலு நாள் மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும்கூடப் போதும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல், "இவர் இப்படி இருப்பவர் இல்லை, நேற்று மாலையிலிருந்துதான்" என்று அழுத்திச் சொல்லுங்கள். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேச்சு குறைந்து, மந்தமாகி, எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே குழப்பநிலையின் இன்னொரு வகை, அதுதான் கண்ணில் படாமல் போகும்.

மருந்தைவிட முதலில் உதவுவது சூழல்தான், அதைக் கொடுக்கக்கூடியவர் நீங்கள்தான். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றும் வீட்டில் கிடந்தால் பாதி உலகம் அவருக்கு இல்லை. கடிகாரம் கண்ணில் படட்டும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரட்டும், இரவில் தூங்கட்டும். சுற்றிலும் கேட்கிற மொழி எல்லாம் ஆங்கிலமும் சீனமும் பிலிப்பீன்ஸ் மொழியான தகாலோகுமாக இருக்கும்போது தமிழில் ஒரு குரல் கேட்பது அவரைத் தரையில் நிறுத்தும். அந்தத் தலைமுறையில் பலருக்கு மலாய் நன்றாக வரும், மலாய் பேசும் தாதி இருந்தால் அதையும் சொல்லி வையுங்கள். "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, காய்ச்சலுக்கு மருந்து ஏறுது, நான் உங்க மகள்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நேவல் பேஸைப் பற்றி வாதாட வேண்டாம். குழப்பம் இருக்கும் இரவுகளில் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கலாமா என்று கேளுங்கள், பல வார்டுகள் இதற்கு இடம் கொடுக்கின்றன.

மார்ஃபின், சாப்பாடு

மார்ஃபின் என்றதும் "முடிவு நெருங்கிவிட்டது" என்றோ "அடிமையாகிவிடுவார்" என்றோ நினைக்க வேண்டாம். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அடிமையாகும் கவலை சிறியது, வலியைத் தாங்கிக்கொண்டு படுத்தே கிடப்பதால் வரும் சேதம் பெரியது. நிச்சயமாக வரக்கூடியது மலச்சிக்கல், அதற்கு மலமிளக்கி சேர்த்தே தர வேண்டும், தரவில்லை என்றால் கேளுங்கள். வலி எரிகிறதா, குத்துகிறதா, கரண்ட் அடிப்பது போல ஓடுகிறதா என்று கேட்டுச் சொன்னால் நரம்பு வலியா என்று டாக்டருக்குத் தெரியும், மருந்தே மாறும்.

சாப்பாடு நமக்கு எல்லாவற்றையும்விட வலிக்கும் விஷயம். முற்றிய புற்றுநோயில் உடலின் இயக்கமே மாறுவதால் பசி அடங்கிப்போகிறது, சாப்பிட்டாலும் தசை கரைகிறது. "சாப்பிடாததால்தான் இளைக்கிறார்" என்று நாம் நினைப்பதில் பாதிதான் உண்மை. கட்டாயப்படுத்தினால் வாந்தியும் குற்றவுணர்வும்தான் மிஞ்சும். அவருக்குப் பிடித்ததை, அவர் கேட்கும் நேரத்தில், நாலு வாய். படுக்கைக்கு மேலே எதுவும் சாப்பிடக் கூடாது என்றோ கெட்டிப்படுத்திய பானம் மட்டும் என்றோ அட்டை மாட்டியிருந்தால் அதை மீறி ஒரு மடக்குக் காப்பிகூடக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா.

யாரிடம் சொல்வது, யார் முடிவெடுப்பது

"அம்மாகிட்ட புற்றுநோய்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க." தமிழ்க் குடும்பம் மட்டுமில்லை, சீன, மலாய்க் குடும்பங்களும் இங்கே கேட்கும் வேண்டுகோள் இது. அன்பில்தான் கேட்கிறோம். ஆனால் சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உள்ளவருடைய உடலைப் பற்றிய தகவல் அவருக்குச் சொந்தம், சம்மதக் கையெழுத்தும் அவருடையது. எதற்கென்று தெரியாமல் கீமோவுக்குச் சம்மதிக்க முடியாது. தவிர, முடி கொட்டி, புற்றுநோய் வார்டில் படுத்திருக்கும் அம்மாவுக்குப் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று அவரும் பேசாமல் இருப்பார். என் கருத்தில், சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் கூடி முடிவெடுப்பதைவிட அம்மாவையே கேட்பது நல்லது: "டாக்டர் சொல்றதை எல்லாம் நீங்களே கேட்டுக்கிறீங்களா, இல்ல எங்ககிட்ட சொல்லச் சொல்லவா?" சிலர் முழுவதும் தெரிய வேண்டும் என்பார்கள், சிலர் "நீயே பார்த்துக்கோ" என்பார்கள். இரண்டும் அவர்கள் தேர்வு.

சட்டத்தைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. மூத்த மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூரின் மனத்திறன் சட்டப்படி, நோயாளி முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் ரத்த உறவு என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளுக்குத் தீர்மானிக்கும் உரிமை வந்துவிடாது. மருத்துவர் நோயாளியின் நலன் கருதி முடிவெடுப்பார், குடும்பத்திடம் கலந்து பேசுவார். பயன்படும் ஏற்பாடுகள் மூன்று:

1. எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். 21 வயது நிரம்பியவர், தெளிவாக இருக்கும்போதே, தனக்காக யார் செயல்படலாம் என்று நியமிப்பது. சொந்த நலன், சொத்தும் பணமும் என இரண்டு பகுதி. குழப்பநிலை வந்தபின் செய்ய முடியாது, அப்புறம் நீதிமன்றம் போக வேண்டியதுதான். எல்பிஏ இருந்தாலும் உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவு நியமிக்கப்பட்டவர் கையில் இல்லை, அது மருத்துவருடையது.
2. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல். எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விருப்பம் என்று பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசிப் பதிவு செய்வது. சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த நேரத்தில் டாக்டருக்கு வழிகாட்டும்.
3. முன்கூட்டிய மருத்துவ உத்தரவு. 1996ஆம் ஆண்டுச் சட்டம். மீளமுடியாத கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று மருத்துவரும் இன்னொருவரும் சாட்சியாக இருக்க எழுதித் தருவது.

"இதயம் நின்றால் அழுத்திப் பார்க்கவா, குழாய் போடவா" என்று வார்டில் கேட்டால் பதறிவிடுகிறோம். அது கைவிடுவதற்கான கேள்வி இல்லை. முற்றிய புற்றுநோயில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது அரிதாகவே பலிக்கும், விலா எலும்பு முறியும், கடைசி மணித்துளிகள் குழாய்களுக்கு நடுவே போகும். வேண்டாம் என்று சொன்னாலும் ஆன்டிபயாட்டிக், வலிமருந்து, டிரிப் எல்லாம் தொடரும்.

அதேபோல, வலியையும் மற்ற அறிகுறிகளையும் தணிக்கும் வலிநிவாரணப் பராமரிப்புக் குழு வந்தால், முடிவு நெருங்கிவிட்டது என்று பயப்படாதீர்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஆரம்பத்திலேயே இந்தக் குழுவின் கவனிப்பைப் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். மனச்சோர்வும் முதல் குழுவில் குறைவு.

பில்

வார்டு வகுப்பு ஏ, பி1, பி2, சி. அரசு மானியம் முக்கியமாகப் பி2, சி இரண்டுக்கும்தான். குடும்பத்தின் தலைக்கு வருமானத்தைப் பார்த்து விழுக்காடு மாறும், குடிமக்களுக்கு அதிகபட்சம் 80 வரை போகலாம், நிரந்தரவாசிகளுக்குக் குறைவு. சிகிச்சை தரும் மருத்துவக் குழுவின் தரம் வகுப்பைப் பொறுத்து மாறாது, அறையின் வசதியும் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும்தான் மாறும். கவனிக்க வேண்டியது, ஏ, பி1இல் சேர்ந்தால் டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் வெளிநோயாளிச் சந்திப்புகளும் பொதுவாகத் தனியார் கட்டணத்தில் போகும். புற்றுநோயில் பெரிய செலவு வார்டைவிட அதற்குப் பின் வரும் மருந்து, ஸ்கேன்களில்தான். "அப்பா ஏசியில் இருக்கட்டும்" என்று பதியும் மேசையில் நின்று எடுக்கும் முடிவு வருடக்கணக்கில் தொடரலாம்.

மானியம் போக மீதிக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி. 2015 நவம்பரிலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு, ஏற்கெனவே நோய் இருந்தாலும் சரி. முதலில் நாம் கட்ட வேண்டிய கழிவுத் தொகை ஒன்று, அதற்கு மேல் 3 முதல் 10 விழுக்காடு நம் பங்கு. இவற்றை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். பிள்ளைகளின் மெடிசேவையும் பெற்றோருக்காகப் பயன்படுத்தலாம். அதற்கப்புறமும் முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி, அதற்கு விண்ணப்பிக்கும் வழி மருத்துவச் சமூக ஊழியர். அவரைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், பில் வந்து தேங்குவதற்கு முன்பே பாருங்கள்.

2022 செப்டம்பர் 1 முதல் வெளிநோயாளியாக எடுக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் கொடுப்பது, சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் அந்த நோய்க்கென்று குறிக்கப்பட்ட மருந்துகளுக்கு மட்டும். ஆகவே புது மருந்து ஒன்றைச் சொன்னால், "இது பட்டியலில் இருக்கிறதா, அப்பாவின் வகை நோய்க்கு இருக்கிறதா" என்று இரண்டையும் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்து நீண்டகால வருகை அட்டையில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோருக்கு மானியமும் இல்லை, மெடிஷீல்டு லைஃபும் இல்லை. பிள்ளையின் மெடிசேவைப் பயன்படுத்தலாம், வரம்பு உண்டு. இந்தக் குடும்பங்கள் முதல் ஸ்கேனுக்கு முன்பே நிதி ஆலோசனை கேட்டு, இங்கே தொடர்வதா ஊரில் தொடர்வதா என்று பேசிவிடுவது நல்லது. பயணம் செய்யத் தெம்பு இருக்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு அது.

வீட்டுக்குப் போகும் நாள்

டிஸ்சார்ஜ் என்ற சொல் திடீரென்று வராது, முதல் நாளிலிருந்தே குழு அதைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும். நீங்களும் அப்போதே தொடங்குங்கள். போகும் இடங்கள் பொதுவாக இவை:

1. சமூக மருத்துவமனை. உடல்தேற்றத்துக்கும் மெதுவான பராமரிப்புக்கும். ஊட்ரம், செங்காங், யீஷூன், ஜூரோங் எனப் பல இடங்களில் உண்டு.
2. வீடு, அதோடு வீட்டிலேயே வந்து பார்க்கும் அந்திமகாலப் பராமரிப்பு. எச்சிஏ ஹாஸ்பிஸ் வீட்டுக்கே மருத்துவரையும் தாதியையும் கட்டணமின்றி அனுப்புகிறது.
3. அசிசி, டோவர் பார்க் போன்ற ஹாஸ்பிஸ்கள், அதாவது அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்கள். வீட்டில் சமாளிக்க முடியாத அறிகுறிகள் இருப்பவர்களுக்கு.

வீட்டுக்கு என்றால், கிளம்புவதற்கு முன்பே தாதியிடம் பழகிக்கொள்ள வேண்டியவை உண்டு: புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, குழாய் வழி உணவு கொடுப்பது. பணிப்பெண்தான் செய்யப் போகிறார் என்றால் அவரும் வார்டுக்கு வந்து பழகட்டும். 67 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர் வீட்டில் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். சக்கர நாற்காலி, கமோடு நாற்காலிக்கு முதியோர் நடமாட்ட நிதியில் மானியம் உண்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழி கேட்கலாம்.

குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாவிட்டால் பெற்றோரின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி, அதாவது பழைய எல்டர்ஷீல்டோ கேர்ஷீல்டு லைஃபோ, மாதாமாதம் பணம் தரும். எல்டர்ஷீல்டு 2002இல் வந்தபோது 40 முதல் 69 வயது வரை இருந்தவர்கள் தாமாகவே சேர்க்கப்பட்டதால் இப்போது எழுபதுகளில் இருக்கும் பலருக்கு அது இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. திட்டத்தைப் பொறுத்து மாதம் 300 அல்லது 400 வெள்ளி. மசேநிதி (மத்திய சேமநிதி) கணக்கில் பாருங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு: தனியார் துறையில் பெற்றோரைப் பார்க்கச் சட்டப்படியான விடுப்பு இல்லை. ஆனால் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறையாக எழுதிக் கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை டிஸ்சார்ஜ் வரை தள்ளிப்போடாமல் வார்டில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது மருந்துப் பையோடு இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பழைய மருந்தை நிறுத்த வேண்டும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும், நள்ளிரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும்.